தலவாக்கலைக் கருவாட்டுக் கடையும் கடற்றொழில் சட்டமும்

மலையகத்துத் தலவாக்கலைக் கடைவீதியில் அப்பா நடத்திய கருவாட்டுக் கடையின் வாசலில் எப்போதும் ஏழெட்டுச் சாக்குகள் வாய் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். நெத்தலி, சாலயா, கீரி, கட்டா, பாலை, திருக்கை, சுறா என்று ஒவ்வொன்றுக்கும் அட்டைத்துண்டில் பெயரும் விலையும் எழுதிச் செருகி வைப்பது பள்ளிக்கூடம் விட்டு வந்த பிறகு என் வேலை. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,200 மீற்றர் உயரத்தில், மழை பிடித்துக்கொண்டால் கருவாடு ஈரம் இழுத்துப் பூஞ்சணம் பூத்துவிடுமே என்ற கவலையோடு வாழ்ந்த எங்கள் குடும்பத்தில் கடலை நேரில் பார்த்தவர் அப்பா ஒருவர்தான். சரக்கெடுக்கக் கொழும்புப் புறக்கோட்டைக்குப் போகும் நாட்களில் காலிமுகத்திடலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வருவார். எனக்குப் பதினான்கு வயது ஆகும்வரை கடல் என்பது சாக்கில் வருகிற ஒரு பொருளாகவே இருந்தது.

இப்போது நான் புவியியல் கற்பிக்கிறேன். இலங்கையின் நிலப்பரப்பு 65,610 சதுர கிலோமீற்றர், அதன் தனியுரிமைப் பொருளாதார வலயம் 5,17,000 சதுர கிலோமீற்றர், அதாவது நாடு தன் நிலத்தைப் போல் ஏறத்தாழ எட்டு மடங்கு கடலுக்குச் சொந்தக்காரி என்று கரும்பலகையில் எழுதும்போது, பின்வரிசையில் இருக்கும் பிள்ளைகள் அதை இன்னொரு மனப்பாடக் கணக்காகவே எடுத்துக்கொள்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த எட்டு மடங்குக் கடலில் எதைப் பிடிக்கலாம், எந்த வலையால் பிடிக்கலாம், எந்த மாதத்தில் பிடிக்கக்கூடாது என்று கொழும்பில் எழுதப்படும் விதிகளின் ஒரு முனை எங்கள் கடைச் சாக்குகளில்தான் வந்து முடிகிறது என்பதை அண்ணனோடு சேர்ந்து கடைக் கணக்குப் பார்க்கும் விடுமுறை நாட்களில் நான் மெல்ல மெல்லப் புரிந்துகொண்டேன். அப்பா காலமான பிறகு கடையை அண்ணன்தான் நடத்துகிறார். இந்தக் கட்டுரை அந்த முனையில் நின்று பார்த்தவளின் கணக்கு.

அடிப்படைச் சட்டம் 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில், நீரியல் வளங்கள் சட்டம். வெடி வைத்தும் நஞ்சு கலந்தும் மீன் பிடிப்பதை அது தடை செய்கிறது. அதன்கீழ் வெளிவந்த ஒழுங்குவிதிகள் ஒற்றை நைலோன் இழையில் பின்னிய தங்கூசி வலையைத் தடுக்கின்றன, பவளப்பாறைகளின் மேல் சில வகை வலைகளை விரிப்பதைத் தடுக்கின்றன, சுருக்கு வலைக்கு அனுமதிப்பத்திரம் கேட்கின்றன. சிங்க இறாலைப் பெப்ரவரி, செப்டெம்பர், ஒக்டோபர் மாதங்களில் பிடிக்கக்கூடாது, முட்டை தாங்கிய பெண் இறாலை எந்த மாதத்திலும் பிடிக்கக்கூடாது. சங்கின் விட்டம் 70 மில்லிமீற்றருக்குக் குறைவாக இருந்தால் அதை எடுக்கக்கூடாது. கடலட்டைக்கு மூழ்குவதற்கு அனுமதி வேண்டும். இந்தப் பட்டியலை முதன்முறையாக முழுதாகப் படித்தபோது எனக்கு ஒன்று உறைத்தது. மாதக் கணக்கும் மில்லிமீற்றர் கணக்கும் உள்ள விதிகள் பெரும்பாலும் கப்பலேறிப் போகும் பொருட்களைப் பற்றியவை. சிங்க இறாலும் கடலட்டையும் எங்கள் ஊர்ச் சந்தைக்கு ஒரு நாளும் வந்ததில்லை. சங்கு, கோயிலில் ஊதும்போது கேட்டதோடு சரி. மலைக்கு ஏறிவரும் சாலயாவும் ஹுருல்லாவும் நெத்தலியும் வலையின் வகையைக் கொண்டுதான் ஓரளவு கட்டுப்படுத்தப்படுகின்றனவே தவிர, விரல் நீளம் இருக்க வேண்டுமா, அரை விரல் போதுமா என்று அவற்றைச் சாக்கில் கொட்டும் இடத்தில் கேட்பவர் இல்லை. எங்கள் கடைக்குத் தராசைப் பரிசோதிக்க ஆள் வந்திருக்கிறார், சுகாதாரம் பார்க்க ஆள் வந்திருக்கிறார், விலைப்பட்டியல் தொங்குகிறதா என்று பார்க்கவும் ஆள் வந்திருக்கிறார். கடலைப் பற்றிக் கேட்க எவரும் வந்ததாக அப்பாவும் சொன்னதில்லை, அண்ணனும் சொன்னதில்லை.

வாங்குபவன் கேட்டால் என்ன நடக்கும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. சட்டவிரோதமான, அறிக்கையிடப்படாத, ஒழுங்குபடுத்தப்படாத மீன்பிடியைத் தடுக்க இலங்கை போதிய நடவடிக்கை எடுக்கவில்லை என்று 2012இல் ஐரோப்பிய ஒன்றியம் மஞ்சள் அட்டை காட்டியது. இரண்டு ஆண்டுகள் கழிந்தும் நிலைமை பெரிதாக மாறாததால் 2014 ஒக்டோபரில் சிவப்பு அட்டையை அறிவித்தது. 2015 ஜனவரியில் இறக்குமதித் தடை நடைமுறைக்கு வந்தது. 2013இல் அந்த ஒன்றியத்துக்கு இலங்கை விற்ற மீனின் பெறுமதி 7 கோடி 40 இலட்சம் யூரோ. கெலவல்லா என்ற மஞ்சள்துடுப்புச் சூரையும் வாள்மீனும் அதில் முக்கியமானவை. அதுவரை காகிதத்தில் கிடந்த காரியங்கள் அதற்குப் பிறகு ஓட்டமெடுத்தன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பலநாள் படகுகளுக்குச் செய்மதிக் கண்காணிப்புக் கருவி பொருத்தப்பட்டது, பிடிப்புப் பதிவேடு கட்டாயமாகியது, ஆழ்கடலுக்குப் போகத் தனி அனுமதி வந்தது, தண்டப்பணம் உயர்ந்தது. 2016 ஜூனில் தடை நீங்கியது. இருபது ஆண்டு உபதேசத்தால் நடக்காதது ஒன்றரை ஆண்டு இழப்பால் நடந்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். மீனைக் காப்பாற்றும் எண்ணம் திடீரென்று ஊறிவந்துவிட்டது என்று நான் நம்பவில்லை. சரக்கு தேங்கியது, அவ்வளவுதான். கருவாட்டுக் கடைக்காரன் மகளுக்கு அது புரியாத விடயம் அல்ல.

ஆயினும் அந்தக் கருவிகளைப் பொருத்திய படகுகள் எல்லாம் யோக்கியமாகிவிட்டன என்று எண்ணிவிடவும் கூடாது. தென்னிலங்கைப் பலநாள் படகுகள் அந்நியக் கடலில் பிடிபட்டுத் தடுத்து வைக்கப்பட்ட செய்திகள் அதற்குப் பின்னும் வந்துகொண்டேதான் இருக்கின்றன. 2010இல் பிரித்தானியா பெரும் கடற்பாதுகாப்பு வலயமாக அறிவித்த சாகோஸ் தீவுக்கூட்டத்தின் பக்கமும் நம்மவர்கள் போய்ச் சிக்கியிருக்கிறார்கள். கெலவல்லா இந்து சமுத்திரத்தில் அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்ட இனம் என்று இந்து சமுத்திரச் சூரை மீன் ஆணைக்குழு 2015இலிருந்து பல ஆண்டுகள் எச்சரித்துவந்தது. அதை மீட்பதற்கான பிடிப்புக் குறைப்புத் திட்டம் 2016இல் தொடங்கியது. குறைந்துகொண்டு போகும் மீனைத் தேடி மேலும் தூரம் போகும் படகுக்குக் கருவி பொருத்தினால் அது எங்கே நிற்கிறது என்று தெரியும். ஏன் அவ்வளவு தூரம் போனது என்று கருவி சொல்லாது.

இந்த இடத்தில் மாசிக் கருவாட்டைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. எங்கள் கடையில் மாசிக்குச் சாக்குக் கிடையாது. அது கல்லாப்பெட்டிக்குப் பின்னால் மூடி போட்ட கண்ணாடிப் போத்தலில் இருக்கும், ஐம்பது கிராம், நூறு கிராம் என்றுதான் நிறுப்போம். தேங்காய்ச் சம்பலில் மாசித் துருவல் விழுந்தால் அன்றைக்குச் சம்பள நாள் என்று அர்த்தம். பலயா என்ற சூரை வகை மீனை நீளவாக்கில் வகிர்ந்து, உப்புநீரில் அவித்து, புகையூட்டி, மரக்கட்டைபோல் இறுகும்வரை வெயிலில் காயவைத்துச் செய்யும் அந்தப் பண்டம் மாலைதீவிலிருந்து நூற்றாண்டுக் கணக்காக இலங்கைக்கு வந்துகொண்டிருந்தது. 1970களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியில் சிக்கிய இலங்கை அரசு மாசி இறக்குமதியை வெட்டியது. மலையகத்தில் அரிசிப் பங்கீடு சுருங்கி, தோட்டங்களில் மக்கள் பட்டினியால் செத்த காலமும் அதை ஒட்டியதுதான். சிறிமாவோ பண்டாரநாயக்க பிரதமராக இருந்த காலம் அது. அப்பா அதைச் 'சிறிமா காலத்துப் பஞ்சம்' என்பார், மாசிப் போத்தல் அப்போது காலியாகவே கிடந்தது என்பார். ஆனால் அதே முடிவு மாலைதீவில் என்ன செய்தது என்று அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. இருந்த ஒரே பெரிய வாடிக்கையாளரை இழந்த அந்தத் தீவுகள் மீனைப் பச்சையாகவே வெளிநாட்டுக் குளிரூட்டிக் கப்பல்களுக்கு விற்கத் திரும்பின. 1974இலிருந்து பாய்மரத் தோணிகளுக்கு இயந்திரம் பூட்டின. கொழும்பில் ஒரு சுங்கத் தாளில் விழுந்த கோடு ஒரு நாட்டின் மீன்பிடியையே வேறு திசைக்குத் திருப்பிவிட்டது.

திரும்பிய பிறகும் மாலைதீவு கைவிடாத ஒன்று தூண்டில். சிறு மீனை உயிரோடு கடலில் வீசிப் பலயாக் கூட்டத்தை மேலே வரவழைத்து, முள் இல்லாத கொக்கியை மூங்கில் தடியில் கட்டி, ஒன்றொன்றாகத் தூக்கிப் போடும் முறை அது. சூரை இனங்களை வலையால் பிடிக்க அங்கே அனுமதி இல்லை. ஒவ்வொரு மீனாகப் பிடிப்பவனுடைய தடியில் ஆமை மாட்டாது, ஓங்கில் மாட்டாது. 2010இல் அந்த நாடு சுறாப் பிடிப்பை முற்றாகத் தடை செய்தது. 2012இல் அதன் தூண்டில் பலயாவுக்குச் சர்வதேச நிலைபேறு சான்றிதழ் கிடைத்தது. ஐரோப்பியப் பேரங்காடிகளில் தகரப்பேணியின் மேல் அந்த முத்திரை விலை பேசியது. உயிருள்ள சுறாவைப் பார்க்கக் காசு கொடுத்து மூழ்கும் சுற்றுலாப் பயணியும் அந்த விதிக்குத் துணை நின்றார். இதையெல்லாம் படிக்கும்போது மாலைதீவை ஒரு சொர்க்கமாக வரைந்துவிடத் தோன்றும். ஆனால் சுறாத் தொழிலை இழந்தவர்கள் தங்களுக்குச் சரியான ஈடு கிடைக்கவில்லை என்கிறார்கள். பெருகிய சுறாக்கள் தூண்டிலில் மாட்டிய மீனைப் பாதியில் கடித்துவிடுகின்றன என்று மீனவர்கள் குறைபடுகிறார்கள். இருந்தாலும் அங்கே விதியைக் கடைப்பிடித்தவனுக்கு விற்பனையில் ஏதோ ஒரு பலன் திரும்பி வந்தது. நம் சாலயாக்காரனுக்கு அப்படி எதுவும் திரும்புவதில்லை.

சுறா என்றதும் என் சொந்தக் கதை ஒன்று. 2011இல் என் மூத்த மகள் பிறந்தபோது மாமியார் வைத்த பத்தியச் சமையலில் பாதி சுறாக் கருவாடு. பால் ஊறும் என்பது எங்கள் பக்கத்து அசையாத நம்பிக்கை. அப்பாவும் கடையிலிருந்து நல்ல துண்டாகப் பார்த்துக் கட்டி அனுப்பிவிடுவார். அடுத்த ஆண்டு, 2012இல், நீண்ட வால் சுறா இனங்களைப் பிடிப்பதும் விற்பதும் இலங்கையில் தடை செய்யப்பட்டன. தாமதமாக வளர்ந்து, சில குட்டிகளே போடும் உயிரினம் வலைக்கு ஈடுகொடுக்க முடியாது என்பது அதற்கான காரணம். நியாயமான தடைதான். ஆனால் தலையும் வாலும் துடுப்பும் போய், உப்பில் ஊறி, பழுப்பேறிய ஒரு துண்டு தலவாக்கலைத் தராசில் ஏறும்போது அது எந்த இனம் என்று எங்கள் அப்பாவால் சொல்ல முடியாது, வாங்குகிற பெண்ணாலும் சொல்ல முடியாது. துடுப்பை உடலோடு சேர்த்தே கரையிறக்க வேண்டும் என்ற விதி துறைமுகத்தில் உதவும். அதைத் தாண்டிக் கருவாடாகிவிட்ட பிறகு விதிக்குக் கண் கிடையாது. நான் அந்தப் பத்தியத்தில் எதைச் சாப்பிட்டேன் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

இனி வடக்குக்குப் போகிறேன். 1977 கலவரத்தில் தோட்டத்து லயக் குடியிருப்பை விட்டு ஓடி வன்னிக்குப் போன மலையகக் குடும்பங்களில் எங்கள் சித்தப்பாவின் குடும்பமும் ஒன்று. அவருடைய மகன், எனக்குத் தம்பி முறை, மன்னார்த் தீவில் பேசாலைப் பக்கத்தில் ஒரு வாடியில் கருவாடு காயவைக்கும் வேலை செய்கிறான். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு பாடசாலை விடுமுறையில் அங்கே நான்கு நாட்கள் தங்கினேன். எங்கள் கடையில் சாலயா என்று நான் அட்டையில் எழுதிய மீனுக்கு அங்கே சூடை என்று பெயர். திங்கள், புதன், சனி இரவுகளில் சிறு படகுக்காரர்கள் பலர் வலை விரிக்கத் தயங்குகிறார்கள் என்று தம்பி சொன்னான். அந்த நாட்களில்தான் தமிழ்நாட்டு இழுவைப் படகுகள் வரும். மறுநாள் காலையில் வலை இருக்குமா, நார்நாராகக் கிடக்குமா என்று தெரியாது. கரையில் நின்று பார்த்தால் தூரத்தில் ஒரு வரிசை விளக்கு தெரிந்தது. அதைக் காட்டி, "அக்கா, அதுதான் எங்களுக்கு லயத்துக் கங்காணி மாதிரி. எப்ப வரணும், எப்ப வரக்கூடாதுன்னு அதுதான் சொல்லுது" என்றான். வன்னியில் பிறந்தவன் வாயிலிருந்து, தோட்டத்து மேற்பார்வையாளனைக் குறிக்கும் கங்காணி என்ற சொல் வந்ததில் எனக்குக் கொஞ்சம் வியப்பு.

இழுவை மடி என்பது கடலடியை வாரிக்கொண்டு போகும் வலை. அதன் வாயை அகட்டிப் பிடிக்கும் பலகைகள் தரையைத் தேய்த்துக்கொண்டே போகும். பாக்கு நீரிணை ஆழம் குறைந்த கடல். அதன் அடியில் கடற்புல் மேடுகள் உண்டு. இறால், நண்டுக் குஞ்சுகள் வளர்வதும், மன்னார் மக்கள் ஆவுளியா என்று சொல்லும் கடற்பசு மேய்வதும் அங்கேதான். இந்த மடியை இலங்கையில் எவரும் பயன்படுத்தக்கூடாது என்று 2017இல் பாராளுமன்றம் சட்டத் திருத்தம் நிறைவேற்றியது. அப்போதைய நாடாளுமன்ற உறுப்பினர் சுமந்திரன் தனிநபர் பிரேரணையாகக் கொண்டுவந்தது அது. அதற்கு அடுத்த ஆண்டு வெளிநாட்டுப் படகுகளுக்கான தண்டப்பணத்தையும் படகின் நீளத்துக்கேற்பக் கோடிக்கணக்கில் உயர்த்தினார்கள். அக்கரையில் இறால் ஏற்றுமதிக்காகப் பல பத்தாண்டுகளாக வளர்ந்த இழுவைத் தொழில், இக்கரையில் போர்க்காலத்தில் நம் மீனவர்கள் கடலுக்குப் போக முடியாமல் கிடந்த காலத்தில் மேலும் கிழக்கே நகர்ந்து பழகிவிட்டது. 1974, 1976 இந்திய-இலங்கை ஒப்பந்தங்கள் வரைந்த எல்லைக்கோட்டுக்கு வலையைத் தெரியாது.

இதில் என்னை வருத்துவது வேறொன்று. தமிழ்நாட்டுப் படகில் கூலிக்கு வருபவனும் பிடிபட்டுச் சிறையிருப்பவனும் முதலாளி அல்ல. ராமநாதபுரத்திலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் கூலிக்குக் கடல் தாண்டி வந்தவர்களின் வழிவந்த நான், அந்தப் பக்கத்திலிருந்து வந்து பிடிபட்ட முகங்களைத் தொலைக்காட்சியில் பார்க்கும்போது அந்நியராக எண்ண முடிவதில்லை. இந்தப் பக்கம் வலை இழந்தவன் என் தம்பியின் முதலாளி. அவருக்கு வலை இல்லையென்றால் தம்பிக்குக் காயவைக்க மீன் இல்லை. உள்ளூர் இழுவைப் படகு வைத்திருந்த குருநகர்க்காரர்களும் அதே 2017 சட்டத்தால் பாதிக்கப்பட்டார்கள். கடலடி பிழைக்க வேண்டும் என்றால் இழுவை மடி போகத்தான் வேண்டும், அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் மடியை விட்டவனுக்கு அடுத்த நாள் என்ன வேலை என்ற கேள்வியைச் சட்டம் தன் வரம்புக்குள் எடுத்துக்கொள்ளவில்லை.

இதை மலையகத்தில் இருப்பவர்களுக்கு விளக்க நான் அதிகம் பாடுபட வேண்டியதில்லை. 2021ஆம் ஆண்டு மே மாதம் இரசாயன உர இறக்குமதி ஒரே வர்த்தமானியில் தடை செய்யப்பட்டதை நாங்கள் அனுபவித்தோம். மண்ணைக் காக்க வேண்டும் என்ற நோக்கத்தை யாரும் மறுக்கவில்லை. ஆனால் தேயிலைச் செடிக்கு மாற்றாக எதைப் போடுவது, கொழுந்து குறைந்தால் நாட்சம்பளத்துக்குக் கேட்கும் கிலோவை எப்படிப் பறிப்பது என்று கேட்க ஆள் இல்லை. நவம்பரில் தடையை நீக்கிக்கொண்டார்கள். அதற்குள் பட்ட அடியில், மண் பாதுகாப்பு என்று இனி யார் வந்து பேசினாலும் எங்கள் பக்கத்து விவசாயி முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். தயாரில்லாமல் வந்த ஒரு விதி தான் தோற்பதோடு நிற்காமல், தனக்குப் பின் வரப்போகும் நல்ல விதிகளையும் கெடுத்துவிட்டுப் போகிறது. கடலோரத்திலும் அதுவே நடக்கும் என்ற அச்சம் எனக்கு உண்டு.

மலைநாட்டு மக்கள் மீனைப் பற்றிக் கேள்வி கேட்ட சந்தர்ப்பங்களும் இருக்கின்றன. 2020 ஒக்டோபரில் கொழும்புக்கு அருகிலுள்ள பேலியகொடை மீன் சந்தையில் கொரோனாக் கொத்தணி உருவானபோது எங்கள் ஊரில் பச்சை மீன் வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். முன்னாள் கடற்றொழில் இராஜாங்க அமைச்சர் ஒருவர் ஊடகங்களுக்கு முன்னால் பச்சை மீனைக் கடித்துக் காட்டியும் பலன் இல்லை. (அந்தக் காட்சியை அண்ணன் கடையில் வருபவருக்கெல்லாம் கைபேசியில் காட்டினார், அதற்குப் பிறகு கருவாடும் கொஞ்சம் குறைந்ததாகத்தான் கேள்வி.) 2021 மே மாதம் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் கொழும்புக்கு அப்பால் எரிந்து, பிளாஸ்டிக் மணிகள் மேற்குக் கரை முழுவதும் ஒதுங்கி, ஆமைகள் செத்துக் கரையேறிய செய்தி வந்தபோதும் அப்படியே நடந்தது. 'இது எந்தக் கடலில் பிடித்தது?' என்று முதன்முறையாக வாடிக்கையாளர்கள் கேட்டார்கள். இரண்டு தடவையும் கேட்டது தங்கள் வயிற்றைப் பற்றிய பயத்தில்தான். ஆனாலும் கேட்டார்கள், பேலியகொடையில் விலை சரிந்தது, கரையில் படகுகள் இழுத்துக் கட்டப்பட்டன. எங்களுக்கும் அந்தப் பலம் இருக்கிறது என்பதை நான் அப்போதுதான் கண்ணால் பார்த்தேன்.

ஆயினும் அந்தப் பலத்தைக் கடலுக்காகப் பயன்படுத்துங்கள் என்று லயத்துப் பெண்ணிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இலங்கையர் உண்ணும் விலங்குப் புரதத்தில் பாதிக்கு மேல் மீனிலிருந்துதான் கிடைக்கிறது. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி நாட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளில் 17 சதவீதம் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். தோட்டப்புறத்தில் அது ஏறத்தாழ 32 சதவீதம். கால் கிலோ சாலயாக் கருவாட்டை ஆறு பேருக்கு நான்கு நாள் நீட்டும் ஒருத்தியிடம், இது சிறு கண்ணி வலையில் பிடித்த குஞ்சு, வேண்டாம் என்று விடு என்று சொல்வதற்கு முன், வேறு எதை வாங்குவாள் என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் விலை ஒரே இரவில் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியது. வெளியிணைப்பு இயந்திரப் படகு ஓடுவது மண்ணெண்ணெயில். லயத்து அடுப்பும் விளக்கும் பல இடங்களில் எரிவதும் அதே எண்ணெயில். அந்த மாதங்களில் பல சிறு படகுகள் கடலுக்குப் போகவில்லை. எந்த மீன்பிடிச் சட்டமும் தராத ஓய்வைக் கடலுக்கு ஒரு விலையேற்றம் தந்திருக்கலாம். அதற்கு இரண்டு முனையிலும் காசு கட்டியவர்கள் யாரென்பது வெளிப்படை.

இன்னொரு கணக்கும் எங்கள் பக்கம் இருக்கிறது, அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தலவாக்கலையைத் தொட்டு ஓடும் கொத்மலை ஓயா மகாவலியில் சேர்ந்து, 335 கிலோமீற்றர் நீளமுள்ள அந்த ஆறு திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவில் கடலில் விழுகிறது. மழைக்கு மறுநாள் எங்கள் ஓயா செம்மண் குழம்பாகப் போவதைப் பாலத்தில் நின்று பார்க்காத பிள்ளை இந்த ஊரில் இல்லை. மரக்கறித் தோட்டச் சரிவிலிருந்து கழுவிப்போகும் மண்ணில் பெரும்பகுதியை அணைகள் தேக்கிக்கொள்ளும். கரைந்து போவது கரைந்தே போகும். 1981ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் கரையிலிருந்து நிலப்பக்கம் 300 மீற்றரையும் கடற்பக்கம் 2 கிலோமீற்றரையும் கரையோர வலயம் என்கிறது. கடற்றொழில் சட்டம் படகோடும் வலையோடும் பேசுகிறது. கந்தப்பளைச் சரிவில் மண்வெட்டி பிடித்திருப்பவனோடு கடலின் பெயரால் பேசும் சட்டம் ஒன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

போன தைப்பொங்கலுக்கு முந்திய வாரம் கடையில் கூட்டம். அண்ணன் பழைய வழக்கப்படி அட்டைத்துண்டுகளை என்னிடம் தந்து எழுதச் சொன்னார். நெத்தலி இப்போது சாக்கில் வருவதில்லை, அட்டைப்பெட்டியில் வருகிறது, பெட்டியில் தாய்லாந்து என்று அச்சிட்டிருக்கிறது. நாலாபக்கமும் கடல் சூழ்ந்த நாட்டின் நடுமலையில் நாங்கள் விற்பது கடல் தாண்டி வந்த நெத்தலி. அந்தத் தாய்லாந்துக்கும் ஐரோப்பிய ஒன்றியம் 2015இல் மஞ்சள் அட்டை காட்டி, 2019இல்தான் எடுத்துக்கொண்டது. பக்கத்தில் ஒரு சிறு சாக்கில் திருகோணமலை நெத்தலியும் இருந்தது. நான் இரண்டு அட்டையிலும் விலைக்கு மேலே இடத்தின் பெயரையும் சேர்த்து எழுதிச் செருகினேன். அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. மிடில்டன் தோட்டப் பக்கமிருந்து வரும் வழக்கமான அம்மா ஒருவர் குனிந்து இரண்டையும் வாசித்தார். "இது ரெண்டும் வேற வேறயா மொதலாளி?" என்றார். ஒன்று வெளிநாடு, ஒன்று நம்ம திருகோணமலை, கிலோவுக்குக் கொஞ்சம் விலை கூட என்றார் அண்ணன். அந்த அம்மா இரண்டிலும் ஒரு பிடி அள்ளி மோந்து பார்த்தார், திருகோணமலை நெத்தலியை உள்ளங்கையில் பரப்பி, நீளம் பார்ப்பதுபோல் விரலால் ஒதுக்கினார்.

"இது ரொம்பப் பொடிசா இருக்கே டீச்சர், பெரிசா வராதா?" என்று என்னிடம் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் தாய்லாந்து நெத்தலியில் கால் கிலோ நிறுக்கச் சொன்னார்.